மூன்றாம் முறை திறந்த புண்

சுரங்க ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் சுரங்கத்துக்குள் பாறை விழுந்து அவன் கால் எலும்பு உடைந்ததாம்.

"மூணாவது வாட்டி ஆறிப்போச்சுன்னு லைன் வீடு பூரா சொல்லிகினு வந்தியே. இன்னாய்யா, மறுபடியும் சீழ் வடியுது?"

"மேல ஆறுதுடி. உள்ள செத்துப்போன எலும்புத் துண்டு ஒண்ணு கீதாம். அதுல கண்ணுக்கே தெரியாத பூச்சி குடித்தனம் பண்ணுதுன்னு டாக்டர் தொரை சொல்றாரு."

"அம்மாம் மருந்து ஊத்திக் கழுவனாங்களே, அதுக்குச் சாவலியா?"

"செத்த எலும்புல ரத்தமே ஓடாதாம். மருந்தும் அங்க போய்ச் சேராதாம்."

"கொடுத்து வச்ச பூச்சி! நமக்கு ஒழுகுற தட்டி வீடு, அதுக்கு எலும்புல பங்களா. சரி, காலையே எடுக்கணுமா?"

"இப்ப வேணாமாம். கீறி அந்தத் துண்டை மட்டும் எடுத்தா ஆறிடுமாம். வுட்டா, கால் போயிடுமாம்."

"எப்ப சொன்னாரு?"

அவன் தரையைப் பார்த்தான். "மூணு மாசமா சொல்றாரு."

"மூணு மாசமா! பாறைக்கு வெடி வைக்கிற சூரரு, ஒரு கத்திக்கு இம்மாம் பயமா?"

கம்பவுண்டர் அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் அசையவில்லை. அவள்தான் எழுந்தாள்.

"கீறச் சொல்லுங்க சாமி. இவரு ஒத்துக்கினாரு."

"நான் எப்படி ஒத்துக்கினேன்?"

"இப்பத்தான்," என்றாள். குரல் கெட்டியாக இருந்தது. அவன் தோளைப் பிடித்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.