பல்கனியின் நடுத் துண்டு

பித்தளைக் குழாயும் கறுப்புக் கைபிடியும் ஒரே குசினியில் இருந்தால் பார்க்கச் சகிக்காது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நிஷாந்தினி சொன்னதுதான் சரி. வீட்டுக்கு வந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். குழாய் பித்தளை, அலுமாரிக் கைபிடிகள் கறுப்பு இரும்பு, மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு மங்கிய வெள்ளி நிறம். மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் இருக்கின்றன.

"எல்லாம் ஒரே நிறத்தில இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் அக்கா," என்றாள். "ஒண்டு முன்னுக்கு நிக்கோணும், மற்றது ரெண்டும் பின்னுக்கு நிக்கோணும். அவ்வளவுதான்."

அவளுக்கு இப்படியான விஷயங்களில் நல்ல கண்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முறைப்படி சொல்கிறேன். என் பெயர் கோணேஸ்வரி, வயது ஐம்பத்தாறு. நிஷாந்தினி என் தங்கை, என்னைவிடப் பதினொரு வயது இளையவள். சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் பிறந்தோம். அம்மா தவறும்போது அவளுக்கு மூன்று வயது. தலை வாரி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி அவளை வளர்த்தது நான். இருபத்திரண்டு வயதில் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் ரஞ்சன் படகு திருத்தும் இடத்தில் வேலை செய்தவர். அவர் தவறி ஆறு வருடம். உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் இந்த வீட்டைத் தங்கைதான் வாங்கினாள். அதில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான்.

போன வருடம் அவளுக்கு விவாகரத்து ஆனது. "போதும் அக்கா, நான் வீட்டுக்கு வாறன்," என்று போனில் சொன்னாள். இனி இங்கேதான் இருப்பாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். ஐப்பசியில் வந்தாள். வீட்டைத் திருத்தத் தொடங்கினோம். குறிஞ்சாக்கேணியிலிருந்து சுஹைர் என்பவர் பொருத்து வேலைகளுக்கு வந்தார். கூட்டிச் சொல்லவில்லை, அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் சுஹைர் அறைக் கதவுகளில் பித்தளை இலக்கங்களைப் பொருத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சொந்த வீட்டு அறைகளுக்கு எதற்கு இலக்கம் என்று தங்கையைக் கேட்டேன். வெளிநாட்டுக்காரர் வந்து தங்குவதற்கு என்றாள். ஆவணியில் விடுதியைத் திறந்து வைத்துவிட்டு அவள் நிரந்தரமாகத் திரும்பிப் போவாளாம். நான் அறைகளின் திறப்புகளை வைத்துக்கொண்டு குசினிக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறையில் இருக்கலாமாம். அந்தக் கதவுக்கு இலக்கம் போடவில்லை.

"அங்க உனக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

"இங்க மட்டும் ஆர் அக்கா இருக்கினம்?" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் கோபப்படவில்லை. அழுதும் பார்க்கவில்லை. அவள் ஒன்று நினைத்தால் நினைத்ததுதான், சின்ன வயதிலேயே அப்படி. அவளைத் தடுக்க என்னிடம் என்ன இருந்தது? வீடு அவளுடையது, விசா அவளுடையது, கால்களும் அவளுடையவை.

தையில் மேல்மாடிப் பல்கனிக்குப் பித்தளைக் கம்பித் தடுப்புப் போட்டார்கள், மூன்று துண்டாக. சுஹைர் கவனமான தொழிலாளி. ஒவ்வொரு தூணின் அடித்தட்டையும் துருப்பிடிக்காத போல்ட்டால் இறுக்கி, இடையில் ரப்பர் வளையம் வைத்தார். எதற்கு என்று நானே கேட்டேன்.

"பித்தளையில சும்மா இரும்பு முட்டினா, இந்தக் கடல் காத்துக்கு இரும்பு நிக்காது அக்கா," என்றார். "பித்தளை அப்பிடியே இருக்கும். இரும்பு தின்னுப்பட்டுப் போயிரும்."

ரஞ்சனும் படகுகளைப் பற்றி இதையே சொல்வார். எனக்குப் புதிதில்லை. ஆனால் அதை ஒருவர் வாயால் திரும்பக் கேட்டது உதவியாக இருந்தது.

மாசியில் தங்கை தன் வேலைகளை முடித்துவர ரொறொன்ரோவுக்குப் போனாள். அடுத்த நாள் ரஞ்சனின் ஸ்பானரை எடுத்து, நடுத் துண்டின் எட்டுப் போல்ட்டுகளையும் கழற்றினேன். பழைய தகரப் பேணியில் கிடந்த மெல்லிய இரும்புப் போல்ட்டுகளை அந்த இடத்தில் போட்டேன். ரப்பர் வளையங்களை எறிந்துவிட்டேன். தலைகளுக்குப் பொன்னிறப் பெயின்ற் பூசினேன். அவளுக்கு நிறம் ஒத்துப்போக வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் கரைக்குப் போய் ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவந்து அந்த எட்டு இடத்திலும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு நிவேதிகா பார்த்துவிட்டுக் கேட்டாள். கால் நோவுக்கு உப்புத்தண்ணீர் நல்லது என்றேன். மாசியிலிருந்து ஆடி வரை ஒருநாளும் தவறவில்லை. காய்ச்சல் வந்த நாட்களிலும் போனேன். துரு வெளியே கசிந்தால் துடைத்துத் திரும்பப் பெயின்ற் பூசுவேன்.

அவளைக் கொல்ல நான் நினைக்கவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பல்கனிக்குக் கீழே உடைந்த தளக்கற்கள் கிடந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி அகற்றினேன். இரண்டு லோட் மணல் எடுப்பித்துப் பரப்பினேன். ஒரு மாடி உயரம்தானே. கால் முறிந்தால் ஆறு மாதம் படுக்கை, ஆறு மாதத்தில் மனம் மாறிவிடும் என்று கணக்குப் பார்த்தேன். கழுத்து முறியும் என்று யார் கண்டது?

கழுத்துக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று டொக்டர் சொன்னார். உங்கள் பொலிஸ் ஆட்கள் துருப்பிடித்த போல்ட்டுகளைப் பார்த்துவிட்டுச் சுஹைரைப் பிடித்தார்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நிஷாந்தினியிடம் கேட்டபோது, அவள் கதவடியில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஞாபகமில்லை என்றாள். போன கிழமை சுஹைரின் மனைவி றுக்கியா வந்தார். "அவர் ஒரு வேலையும் அரைகுறையாச் செஞ்சதில்ல அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே," என்று மட்டும் சொல்லிவிட்டு முற்றத்திலேயே நின்றார். கதிரை போட்டும் இருக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. ஒரு நல்ல தொழிலாளியின் பெயர் கெடுவது நியாயமில்லை. அதற்காகத்தான் நானாக வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் வந்தவள் பல்கனிக்கு அதிகம் போகவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பின்னேரம் அவள் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே மணலுக்குப் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டேன்.

"நிஷா, இஞ்ச ஒருக்கா எட்டிப் பார். உன்ர செவ்வரத்தை பூத்திருக்கு."

செவ்வரத்தை பூத்திருக்கவில்லை. அவள் நடுத் துண்டில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். விழும்போது அவள் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

இதைக் கையெழுத்துக்குக் கொண்டுவர எவ்வளவு நேரமாகும்? பதினொரு மணிக்கு அவளைச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தாதிமாருக்கு அவளுடைய பழக்கம் தெரியாது. அவர்களோடு இரண்டு சொல் கதைப்பாள். என்னோடு கதைப்பதில்லை. சொல்லாமலே எனக்கு எல்லாம் விளங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளால் இப்போது தலையை மட்டும்தான் அசைக்க ஏலும். நான் அறைக்குள் போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது, பாவம். நான் உடனே யன்னலைச் சாத்திவிடுவேன்.