கழுதை இல்லாத புத்தகம்

— அதோட நிக்கலை பாப்பா, இந்த ஆள் இன்னும் எழுதறார். "பேருந்தில் படித்துச் சிரித்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். ஐந்து நட்சத்திரம்." உன் புத்தகத்துக்கு இதெல்லாம் ஒரு வாசக அபிப்பிராயமா? அதாவது, தூங்கிப்போனாலும்தான் மூணு நிறுத்தம் தாண்டும்.

— அண்ணா, வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்த ஸ்க்ரூ கடுகைவிடச் சின்னது. விழுந்தா ரெண்டு பேரும் தரையில தவழணும்.

— நான் பொதுவாச் சொல்றேன். சிரிக்க வெக்கறது பெரிய விஷயமே இல்லை. தெருவுல ஒருத்தன் கால் தடுக்கி விழுந்தாலும் நாலு பேர் சிரிப்பாங்க.

— சரி விடு. அடுத்ததைப் படி.

— "தீர்க்கதரிசிக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவள் மூட்டையோடு பின்னால் நிற்கிறாள். அவரோ முன்னால் நின்ற இளவரசனைக் கைகாட்டிவிட்டார். அவனும் நம்பி, முப்பது வருடம் வாளும் கையுமாகக் கண்ணாடி முன் நின்று பழகுகிறான்!!!" ஆச்சரியக்குறி மட்டும் மூணு.

— எத்தனை நட்சத்திரம்?

— நாலு. "ஒன்றைக் குறைத்தது, இளவரசன் குதிரையிலிருந்து இன்னும் இரண்டு முறை விழுந்திருக்கலாம் என்பதால்."

— அது நியாயம்தான். எனக்கே அந்தக் குறை உண்டு.

— சிரிக்கறியா? இதைக் கேளு அப்புறம். "இளவரசனை இவ்வளவு தத்ரூபமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், ஆசிரியருக்குக் கட்டாயம் ஒரு அண்ணன் இருக்க வேண்டும்."

— லென்ஸ் தேய்க்கறப்ப பேசினா கை ஆடும். ஓரம் போயிடும்.

— நாலு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு பேர். என் மூணு நாவலுக்கும் சேர்த்து எத்தனை பேர் எழுதினாங்க தெரியுமா?

— பதினொரு பேர்.

— எண்ணி வெச்சிருக்கியா நீ!

— நீதானே சாப்பிட உக்காந்தா அதையே சொல்லுவே. பன்னெண்டாவது ஆள் வருவானான்னு வீடே வாசலைப் பாத்துட்டிருந்தது.

— சரி, வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். வீட்ல அம்மா முன்னால வேண்டாம்னுதான் கடைக்கு வந்தேன். பதிப்பகத்துல ரெண்டாம் பாகம் கேக்கறாங்களாமே?

— ஆமா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள முடியும், முடியாதுன்னு சொல்லணும்.

— என்ன சொல்லப் போறே?

— தெரியலைண்ணா. மூணு வாரமா ஒரு வரி நகரலை. அந்த ஒத்தை நட்சத்திரம் வந்ததிலேருந்து.

— எது, 'மௌன வாசகன்'ங்கற பேர்ல வந்ததா?

— பேர் சட்டுன்னு வருதே.

— அதாவது, நானூறு பேர்ல ஒருத்தனாவது விஷயம் தெரிஞ்சு எழுதினா கண்ணுல படத்தானே செய்யும்? கசப்பா இருந்தாலும் யோசி பாப்பா. ஒரு புத்தகம் ஓடிடுச்சு, ஊரே சிரிச்சுது. அதோட கௌரவமா நிறுத்திக்கோ. உனக்குக் கண்ணாடிக் கடை இருக்கு. நிம்மதியான தொழில்.

— இதை நான் ஆசைப்பட்டு எடுத்துக்கலை. அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்ப வீட்ல பேசி முடிச்சாங்க. "பெரியவன் எழுதறவன், அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது, சின்னவ பாத்துக்குவா." நான் அப்ப காலேஜ் ரெண்டாம் வருஷம்.

— இப்ப எதுக்கு அந்தப் பழைய…

— கண்ணு, என் கண்ணாடி ரெடியா?

— வாங்க டீச்சர், உக்காருங்க. இதோ, போட்டுப் பாருங்க. காதுல அழுத்துதா?

— இடது பக்கம் லேசாக் கடிக்குது கண்ணு.

— சூடு காட்டி வளைச்சுத் தரேன், ரெண்டே நிமிஷம். அண்ணா, டீச்சர் பக்கம் ஃபேனைத் திருப்பேன்.

— அண்ணனா! அப்ப நெஜமாவே ஒரு அண்ணன் இருக்காரா? நான் நெட்டுல எழுதினேனே கண்ணு, பாத்தியா? ஒத்தை விரலால அரை மணி நேரம் தட்டினேன்.

— அது நீங்கதானா டீச்சர்?

— பின்னே! சார் என்ன பண்றீங்க?

— நானும் எழுதறவன்தான். மூணு நாவல்.

— அடடே. அதுல இதே மாதிரி சிரிப்பு வருமா?

— வராது.

— பரவாயில்லை சார், வர்றதை எழுதுங்க.

— டீச்சர், நான் பொதுவாச் சொல்றேன். எல்லாரும் உங்களை மாதிரியே நினைக்கலை. விவரம் தெரிஞ்சவங்க வேற மாதிரியும் எழுதியிருக்காங்க. படிக்கறேன் கேளுங்க.

— அண்ணா, வேண்டாம்.

— கேக்கட்டும் பாப்பா, என்ன இப்ப? "பத்தொன்பதாம் அத்தியாயத்தில், பாலத்தைக் கடக்க மறுத்துவிட்டு, வீரம் என்றால் என்ன என்று ஒரு கழுதை பிரசங்கம் செய்கிறது. நகைச்சுவை என்ற பெயரில் வாசகன் மேல் நடத்தப்படும் தாக்குதல் இது. இதை எழுதிய கைக்கு மொழியும் வசப்படவில்லை, சிரிப்பும் வசப்படவில்லை. அந்தக் கை பேனாவை மூடிவைப்பது இலக்கியத்துக்குச் செய்யும் உபகாரம்."

— கழுதையா? எந்தக் கழுதை?

— பத்தொன்பதாம் அத்தியாயத்துல வர்ற கழுதை, டீச்சர்.

— நான் ரெண்டு தடவை படிச்சவ சார். பத்தொன்பதுல அரக்கராஜாவுக்குப் பல்வலி. இந்தப் புத்தகத்துல கழுதையே கிடையாது. வேற எதையோ படிச்சுட்டு இங்க வந்து திட்டிட்டுப் போயிருக்கு, பாவம். ஆங், இப்ப நல்லா உக்காருது கண்ணு. எதிர்க்கடைப் பலகையில பொடி எழுத்துகூடத் தெரியுது! வரேன்மா, ரெண்டாம் பாகத்தைச் சீக்கிரம் குடு. சார், மனசு விட்டுடாதீங்க, நீங்களும் எழுதுங்க.

— படி பாத்து இறங்குங்க டீச்சர். ஃபேனை உன் பக்கம் திருப்பிக்கோண்ணா. சட்டையெல்லாம் நனைஞ்சுடுச்சு.

— பாப்பா…

— நான் அச்சுக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு கட்டு பிரிண்ட் எடுத்தேன். கழுதை அதுல மட்டும்தான் இருந்துது. அந்தக் கட்டை உன் மேஜை மேல வெச்சு, "பத்தொன்பது வரைக்கும் படிச்சுட்டு எங்கிட்ட பேசு"ன்னேன். ஏழு மாசம் நீ வாயே திறக்கலை. கழுதையை எடுத்துட்டு, வேற அத்தியாயம் எழுதிப் போட்டேன்.

— அப்ப அதை எழுதினது நான்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?

— கழுதைன்னு பாத்ததுமே. அதோட, உபகாரம்னு இந்தக் காலத்துல உன்னை விட்டா யார் எழுதறா?

— நான் உன் புத்தகத்தை வாங்கவே இல்லை. கடையில நுழையற இடத்துலயே அடுக்கி வெச்சிருந்தாங்க. எடுத்தேன். பின்னட்டையில உன் போட்டோ. இருந்த இடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

— ம்.

— முப்பது வருஷம் பாப்பா. கதவைச் சாத்திக்கிட்டு, ரேடியோகூட வெக்க விடாம, உங்க எல்லாரையும் சத்தம் போடாம நடக்க வெச்சு எழுதினேன். நீ கடையைப் பூட்டிட்டு வந்து சமையக்கட்டு மேஜையில உக்காந்து தட்டுவே. தட்டறப்பவே தனியாச் சிரிச்சுக்குவே. அது கதவைத் தாண்டி எனக்குக் கேக்கும். வயிறு பத்தி எரியும். எழுதறப்ப எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை. திட்டிடு. அம்மாகிட்ட வேணும்னாலும் சொல்லு. அதை இப்பவே அழிச்சுடறேன்.

— அழிக்கறது இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க எழுதினது வயித்தெரிச்சலா, இல்லை நெஜமாவே உன் அபிப்பிராயமா?

— எதுக்குக் கேக்கறே?

— ரெண்டாம் பாகத்தை அந்தக் கழுதையை வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்னு இருந்தேன். அதனாலதான் மூணு வாரமா அப்படியே நிக்குது.

— பொய் சொல்ல மாட்டேன். போட்டது பொறாமையிலதான். மத்த இடமெல்லாம் நல்லா இருந்துது பாப்பா. என்னால தாங்க முடியாத அளவுக்கு நல்லா இருந்துது. பக்கம் பக்கமாத் தேடினேன், ஒரு ஓட்டை கெடைக்காதான்னு. பத்தொன்பதுல கெடைச்சுது. அந்தக் கழுதையைப் பத்தி நான் எழுதினது மட்டும் சத்தியம். அதை வெச்சு ஆரம்பிச்சுடாதே. அதாவது, வேற யாரோ எழுதின மாதிரி இருந்துது.

— வேற ஆள் எழுதினதுதான்.

— என்ன சொல்றே?

— எட்டு வயசுல நான் கால் ஒடிஞ்சு ஒரு மாசம் படுத்திருந்தப்ப, பக்கத்துல உக்காந்து ஒரு பச்சை நோட்டுல நீ எழுதினது. ஒரு எழுத்து மாத்தாம அதைப் பத்தொன்பதுல வெச்சுட்டு, அங்க உன் பேரைப் போடவான்னு கேக்கத்தான் அந்தக் கட்டைக் கொண்டாந்து குடுத்தேன்.

— நானா? நான் அப்படியெல்லாம் எழுதினதே இல்லையே.

— எழுதினே, எழுத எழுத வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீ சிரிச்ச சிரிப்பைக் கட்டில்லேருந்து பாத்துட்டிருந்தேன், அதைப் பாத்துத்தாண்ணா எனக்கும் எழுதணும்னு ஆசை வந்துது.