மைதானத்தில் வரப்போகிற வீடுகள்

தலைவர்: ...அதுக்குத்தான் டீச்சர், வீடு வீடா ஏறி இறங்கறேன். ஒரே ஒரு கையெழுத்து.

டீச்சர்: எதுக்குன்னு சொல்லாம கேட்டா எப்படி? பசங்க நோட்டுல போட்டுப் போட்டே என் கை தேஞ்சு போச்சு.

தலைவர்: தெருமுனை மைதானத்துல மலிவு விலை வீடு கட்டப் போறாங்க. அடுக்கடுக்கா. நம்ம தெருச் சங்கம் அத எதிர்க்குது.

டீச்சர்: சங்கம்னா?

தலைவர்: தலைவர்ங்கற முறையில... நாந்தான்.

டீச்சர்: அந்த மைதானத்துல நாய்கூட விளையாடறதில்லையே.

தலைவர்: அப்படிச் சொல்லாதீங்க. அங்கேருந்துதான் நமக்குக் காத்து வருது...

டீச்சர்: குப்பை நாத்தமும்.

தலைவர்: கட்டிட்டா கண்ட கண்ட ஆளுங்க குடிவந்துடுவாங்க டீச்சர்.

டீச்சர்: யாரு அந்தக் கண்ட ஆளுங்க?

தலைவர்: பஸ் ஓட்டறவங்க, கடையில நிக்கறவங்க, ஆஸ்பத்திரி நர்சு... இப்ப எங்கயோ தள்ளி இருக்காங்க. காலையில வராங்க, நமக்கு வேணுங்கறதச் செய்யறாங்க, போயிடறாங்க. எவ்வளவு அழகா இருக்கு.

டீச்சர்: உங்க மருமக நர்சுதானே?

தலைவர்: அவ... சீனியர் நர்சு.

டீச்சர்: ஓ. பையன் இன்னும் உங்ககூடத்தானா?

தலைவர்: பெரிய வீடாப் பாத்துக்கிட்டிருக்கான். அமையற வரைக்கும் எங்களோட.

டீச்சர்: ரெட்டைக் குழந்தை பொறந்து, அதுங்க நடக்கவும் ஆரம்பிச்சாச்சு. இன்னுமா பாக்கறான்?

தலைவர்: நிதானமான பையன்.

டீச்சர்: அதான் நீங்க நாள் பூரா கார்லயே உக்காந்திருக்கீங்களா?

தலைவர்: சும்மா... காத்து வாங்கறேன்.

டீச்சர்: கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு? தலையணை வேற இருந்துச்சே.

தலைவர்: இடுப்பு வலி, டாக்டர் சொன்னாரு... அது இருக்கட்டும். உள்ள யாரோ பேசற மாதிரி இருக்கே?

டீச்சர்: டிவி.

தலைவர்: டிவி, "பாட்டி, சோப்பு எங்க"ன்னு கேக்குதா?

டீச்சர்: ...பொண்ணு வந்திருக்கா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்னு.

தலைவர்: கொடியில ஸ்கூல் யூனிஃபார்மா தொங்குது.

டீச்சர்: பசங்களுக்குப் படிப்புல அக்கறை.

தலைவர்: மாப்பிள்ளை வரலையா?

டீச்சர்: மெல்லப் பேசுங்க. சமையல்கட்டுல தூங்கறாரு. ராத்திரி பஸ் ஓட்டிட்டு வந்தவரு.

தலைவர்: சமையல்கட்டுலயா?

டீச்சர்: அங்கதான் குளுகுளுன்னு இருக்காம்.

தலைவர்: அப்ப சமையல்?

டீச்சர்: அவரு எந்திரிச்சாத்தான் அடுப்பு.

தலைவர்: வாடகைக்காவது ஒரு இடம் பாக்கலாமில்ல...

டீச்சர்: பாக்காமலா? "வீட்ட வித்துட்டேன், காலி பண்ணுங்க"ன்னுட்டான் அவங்க வீட்டுக்காரன். அதுலேருந்து அலையாத தெருவில்ல. போன வாரம் ஒரு ரூம். ஜன்னல் எங்கன்னு கேட்டா, ஜன்னலோட வேணும்னா அது வேற வாடகைங்கறான்.

தலைவர்: அதுவாவது தேவலை. என் பையனுக்குக் காட்டினது மாடிப்படிக்கு அடியில. நிமிந்தா தலை இடிக்குது. "வீட்டுக்குள்ள யாருங்க நின்னுக்கிட்டே இருக்கப் போறாங்க"ன்னானாம் புரோக்கர்.

டீச்சர்: பெரிய வீடாப் பாக்கறான்னீங்க?

தலைவர்: பாக்கறது பெரிய வீடுதான் டீச்சர். கிடைக்கறது...

டீச்சர்: ம்.

தலைவர்: நேத்து சாப்பிடும்போது மருமக சொல்றா, "நாங்க ஊரவிட்டே போயிடறோம் மாமா, நீங்க கட்டில்ல படுங்க"ன்னு.

டீச்சர்: என் பொண்ணு வாயத் திறந்து சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம்.

தலைவர்: ...சரி, வந்த வேலையப் பாப்போம். இங்க போடுங்க.

டீச்சர்: குடுங்க... என்னங்க இது, ஒருத்தர்கூடப் போடலையே?

தலைவர்: எல்லாரும் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்றாங்க.

டீச்சர்: அடுத்த வாரம் என்ன விசேஷம்?

தலைவர்: அந்த மலிவு வீடெல்லாம் யாருக்குன்னு... குலுக்கல் போடறாங்களாம்.

டீச்சர்: ஊர விடுங்க. சங்கத் தலைவர் நீங்க. முதல்ல உங்க கையெழுத்தில்ல இருக்கணும்?

தலைவர்: போடறதுக்கென்ன... குலுக்கல்ல பையன் பேரக் குடுத்திருக்கேன். விழலைன்னா அன்னிக்கே போட்டுடறேன். கடுமையா எதிர்ப்பேன்.

டீச்சர்: அப்ப எனக்கும் சேத்து அன்னிக்கே பேனா கொண்டாங்க. என் பொண்ணு பேரும் அதுலதான் இருக்கு.