கரடி அட்டையின் பின்னால் ஒரு குதிரை

மேடையில் இருக்கும் நிர்வாகி அவர்களே, தலைமை ஆசிரியை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டீச்சரின் கணவர் அவர்களே, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நிமிடத்தில் முடிக்கச் சொல்லி என் கையில் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். நான் போர்டு எழுதுகிற பெயின்டர். முதல் பூச்சு காயவே அதைவிட அதிக நேரம் ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலை போட்ட இந்தப் படத்தில் இருப்பவரை உங்கள் பிள்ளைகள் ஆமை டீச்சர் என்றார்கள். ஏன்? முதல் நாள் அவர் கையில் எடுக்கும் அட்டை ஆமை. இரண்டே எழுத்து. பதினாறு வருடம் பாலர் வகுப்பு எடுத்த ஆசிரியைக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்?

அந்த மிருக அட்டைகள் நாற்பதையும் எழுதியவன் நான். அதற்காக இதுவரை ஒரு விழாவுக்கும் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அது இருக்கட்டும்.

முதலில் அட்டையில் மேலே படம், அடியில் பெயர். என் பேத்தி அப்போது இந்த வகுப்பில் இருந்தாள். ஒரே மாதத்தில் நாற்பதையும் கடகடவென்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா டீச்சரம்மா, எங்க பாப்பா படிச்சுக் கிழிக்கிறா" என்றேன்.

டீச்சர் குதிரை அட்டையை எடுத்து, படத்தை உள்ளங்கையால் மூடினார். குழந்தை எழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீச்சரின் விரலை விலக்கிப் படத்தைப் பார்க்கப் போனாள்.

"அண்ணே, உங்க குதிரை ரொம்ப அழகு. அதான் தொந்தரவு. குழந்தைங்க குதிரையைத்தான் பாக்குறாங்க, எழுத்துப் பக்கமே வரமாட்டேங்கிறாங்க. எழுத்து முன்னால, படம் பின்னால மாத்திக் கொடுங்க."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், கடை போர்டுகளைப் பார்த்து நானே எழுத்துக் கற்றவன். என் படத்தைப் பின்னால் தள்ளுவதா? ஆனாலும் மாற்றினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரே சாயங்காலத்தில் புது அட்டைகளில் பெயரை எழுதி, பழைய படங்களை வெட்டிப் பின்னால் ஒட்டி, மேசையில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு மாதம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு ஒருநாள் பேத்தியைக் கூட்டிப்போக வர வேண்டியதாயிற்று. வாசலிலேயே நின்றேன்.

"உள்ள வாங்கண்ணே. கோபத்தைச் செருப்போட கழட்டி வச்சுட்டு வாங்க."

பேத்தி பாயில் உட்கார்ந்து, அன்றுதான் அவள் கைக்கு வந்த ஓர் அட்டையில் விரல் வைத்தாள். "க... ர... டி. கரடி." சரிபார்க்கத் திருப்பினாள். பின்னால் குதிரை.

குதிரையை மட்டும் மனசுக்குப் பிடித்துப்போய் இரண்டு வரைந்து வைத்திருந்தேன். கோபத்தில் ஒன்று கரடிக்குப் போய்விட்டது. குழந்தை இப்போது குதிரை என்று சொல்லிவிடுவாள். இரண்டு மாதப் பாடம் என் பசையால் பாழ்.

அவள் படத்தைப் பார்த்தாள். முன்பக்கம் திருப்பினாள். மறுபடி ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"தாத்தா, கரடின்னுதான் எழுதியிருக்கு. நீங்கதான் தப்பா ஒட்டிட்டீங்க."

டீச்சர் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. "இப்ப சொல்லுங்கண்ணே, படிச்சுக் கிழிக்கிறாளா?"

அன்றிலிருந்து அதுதான் கடைசி அட்டை. குதிரையைப் பார்த்த பிறகும் எந்தக் குழந்தை கரடி என்று சாதிக்கிறதோ, அந்தக் குழந்தைக்குப் படிக்க வந்துவிட்டது. வருடா வருடம் கெஞ்சினேன், "என் மானம் போகுது டீச்சரம்மா, மாத்தித் தர்றேன்" என்று. "போனா போகட்டும், அட்டை இருக்கட்டும்" என்பார். இதற்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இன்றும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பெயின்டர் தாத்தா தப்புப் பண்ணிட்டார் என்று எத்தனை பேர் வீட்டில் பிள்ளைகள் வந்து சொன்னார்கள்? கையைத் தூக்குங்கள்.

இத்தனை கையா. சரி, இறக்குங்கள். எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் அவர் கேட்டது இதுதான்: "கரடியில கை வைக்கலையே?"

நேற்று நிர்வாகி அவர்கள் என்னைக் கூப்பிட்டார். அட்டைகளை டீச்சரின் நினைவாக ஆபீஸில் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறார்களாம். அதற்குமுன் கரடியை மட்டும் சரிசெய்து தர வேண்டுமாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் முன்னாலேயே பதில் சொல்கிறேன். முடியாது. கண்ணாடிக்குள் இருக்கும் அட்டையை எந்தக் குழந்தை திருப்பிப் பார்க்கும்?

அட்டைகள் இருக்கும் பெட்டி இன்று காலையே பாலர் வகுப்புக்கு, புது டீச்சரின் மேசைக்குப் போய்விட்டது. கொண்டுபோய் வைத்தவன் நான். யாரையும் கேட்கவில்லை. முனை மடங்கிய அட்டையை, சாயம் போன அட்டையை, என் கை ஓடும்வரை புதிதாக எழுதித் தருவேன். கரடி அட்டை கிழிந்தால், கரடி என்று எழுதி, பின்னால் குதிரையே வரைந்து தருவேன்.

டீச்சரம்மா, அந்தக் கரடிப் படம் இன்னும் என் வீட்டு டப்பாவில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்.