சென்ட் ஊற்றாத மெழுகுவத்தி

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதுமே மகன் என் மடியில் தூங்கிவிட்டான். எதிரில் ஒரு கணவனும் மனைவியும். அவளுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். பல்லாவரம் சந்தையில் வீட்டில் மெழுகுவத்தி ஊற்றி விற்கக் கண்ணாடிக் குப்பி வாங்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அவள் சொன்னதைக் கேட்டபின் காதைத் திருப்ப முடியவில்லை.

"நேத்து ஏத்தின சோயா மெழுகு ரெண்டுலயும் நான் சென்ட்டே ஊத்தலைங்க. குமட்டுச்சு, விட்டுட்டேன். நீங்க மல்லி வாசனை ஹால் பூரா வருதுன்னீங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

"போன காய்ச்சல்லேர்ந்து. உனக்கு இப்ப எந்த வாசனையும் ஆகலன்னுதானே என்னை டெஸ்ட் பண்ணச் சொன்ன? நானும் முடியாதுன்னா எப்படி?"

"அப்ப மரக்குச்சித் திரி அணைஞ்சு அணைஞ்சு போகுது, பஞ்சுத்திரிதான் நின்னு எரியுதுன்னது?"

"அது நெஜம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"சரி, திரி டிபார்ட்மென்ட் உங்களுது. வாசனைக்கு மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. தூங்கும் என் மகனைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"குழந்தை தலையில ஒரு வாசனை வரும்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம குழந்தையோடது எனக்குத் தெரியாமலே போயிடுமா?"

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரைப் பார்க்கலாம். சரியாகலன்னா நான் டெய்லி மோந்து பார்த்துச் சொல்றேன்."

"எனக்காக நல்லதா சொல்லக் கூடாது."

"புளிச்ச பால் நாத்தம் அடிச்சா, அதையும் சொல்லுவேன்."