கொடுவாலனைக் கொல்லணுமாம்

அந்த நாற்காலி ஆடும் தம்பி, இதுல உக்காருங்க. இவ்வளவு படியேறி வந்து கேக்குறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரர் எத்தனையோ படம் வரைஞ்சிருக்காரு. சோப்பு விளம்பரம், பாடப் புத்தகத்துக்கு ஆடு, மாடு. எல்லாம் லட்சணமா இருக்கும். நீங்க போயும் போயும் அந்தக் கொடுவாலனைத் தேடிக்கிட்டு வந்திருக்கீங்க.

சிரிக்காதீங்க. அவன் பொறந்ததே ஒரு கூத்து. வாரப் பத்திரிகையில வந்த படக்கதை அது; எழுதுறவர் எல்லாத்தையும் போன்லதான் சொல்வாரு. அவர் வாயில ள வரவே வராது. கொடுவாளன்னு ஒரு வில்லன், பெரிய வாள், வீசினா பத்து பேர் விழணும்னு சொல்லியிருக்காரு. இவர் காதுல விழுந்தது வால். மாங்கு மாங்குன்னு இம்மாம் பெரிய வாலா வரைஞ்சு கொடுத்துட்டாரு. யாரும் கவனிக்கிறதுக்குள்ள அட்டை அச்சாயிடுச்சு. அப்புறம் என்ன, கதையை வாலுக்கு ஏத்த மாதிரி வளைச்சாங்க.

அவன் சாமர்த்தியத்தைக் கேளுங்க. உலகத்தையே அழிக்கப் போறானாம், லிஃப்ட் கதவுல வாலைக் கொடுத்துட்டு அய்யோன்னு கத்துறான். நகைக்கடைக்குத் திருடப் போனான், வால் பட்டு விளக்கு உடைஞ்சு, இருட்டுல தூண்ல முட்டிக்கிட்டான். அந்தக் கால்சட்டையை எந்தத் தையல்காரன் தைச்சான்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல. கதாநாயகன் இருக்கானே, அவன் அதுக்கு மேல தண்டம். வாரா வாரம் ஓடி வந்து வாலை மிதிப்பான், கதை முடிஞ்சிடும்.

ஆமா, எல்லாத்தையும் படிச்சேன். கண்றாவியை வீட்லயே வச்சுக்கிட்டு எப்படிப் படிக்காம இருக்கிறது?

புத்தகமாப் போடணும்னா தாராளமாப் போட்டுக்குங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா புதுசா ஒரு ஆளை வச்சுக் கடைசிக் கதை வரைஞ்சு அவனைக் கொல்லப் போறோம்னு சொல்றீங்க பாருங்க, அது மட்டும் நடக்காது. யார் கேட்டாலும் சரி, நான் ஒத்துக்க மாட்டேன்.

அன்னிக்கும் இதையேதான் கேட்டாங்க. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, இந்த வாரம் மாடியிலேர்ந்து தள்ளிக் கொன்னுடுன்னாரு. எதுக்கும் தலையாட்டுற மனுஷன், முடியாதுன்னுட்டு மை புட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. வேலை போச்சு. வால் முளைச்ச ஒரு பயலுக்காக யாராவது வேலையை விடுவாங்களான்னு நான் ஆடாத ஆட்டம் ஆடினேன். மனுஷன் பாட்டுக்குப் பழைய பத்திரிகையை எல்லாம் அலமாரியில அடுக்கிக்கிட்டிருந்தாரு!

அவர் போய்ச் சேர்ந்தப்புறம் ஒருநாள் அலமாரியைத் தூசி தட்டுறப்ப, உங்க முன்னால கிடக்குதே, அந்தப் பத்திரிகை கையில வந்துச்சு. அப்பதான் எனக்கே விளங்குச்சு.

பாசமா? நல்லா கேட்டீங்க. அந்த மூஞ்சியைப் பாத்தா இன்னும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. முழியைப் பாருங்க, முறைக்கிற முறைப்பைப் பாருங்க. அவனை முதமுதல்ல வரைஞ்சப்போ நாங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கல. என் மேல இருந்த கடுப்பை அங்க கொண்டு போய் இறக்கி வச்சிருக்காரு.

இன்னும் புரியலையா? அந்தப் பத்திரிகையை இப்படித் திருப்புங்க. அவன் மீசையை மட்டும் விரலால மூடிக்குங்க. மூடிட்டீங்களா? இப்ப என்னை நிமிந்து பாருங்க.