முப்பத்தாறாவது சுற்று

பகல் பன்னிரண்டே கால். மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம், பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஆற்றுக்குப் போகிற மண்ரோடு. ஆள் இல்லை... காக்கைகூட இல்லை. ரோட்டை ஒட்டியே ஒரு மில்லின் தண்ணீர்க் குழாய். ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம்.

"பட்டப்பகல்லயா? பேய்க்கும் ஷிஃப்டு மாத்திப்போட்டாங்களா?" என்றான் மனோஜ்குமார்.

யாரும் சிரிக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையம் பட்டறையில் இராத்திரி ஷிஃப்டு. கரண்டு போய் ஒரு மணி நேரம். ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி ஆறு பேர். சொல்லிக்கொண்டிருந்தவன் பாலுசாமி. நடந்தது அவனுடைய தாய்மாமன் சுப்பண்ணனுக்கு. தொண்ணூற்று மூன்றில்.

சுப்பண்ணன் ஃபிட்டர். கூட யூனுஸ், அப்புசாமி. குழாயை வடியவிட்டு, பட்டர்ஃபிளை வால்வைக் கழற்றி, தேய்ந்த ரப்பரை மாற்றி, மூன்றாம் நாள் திரும்ப மாட்டியிருந்தார்கள். வால்வு என்றால் வேறொன்றுமில்லை, குழாய்க்குள் வட்டமாக ஓர் இரும்புத் தட்டு. வெளியே நீட்டியிருக்கும் தண்டில் சாவியைப் போட்டுச் சுற்றினால் தட்டு திரும்பும். நாற்பது சுற்றில் முழுக்க மூடும். இடையில் கை இருந்தால் கை போகும்.

பாக்கி ஒரு வேலைதான். தட்டைத் திறந்து வைத்துவிட்டு, ரப்பர் எங்காவது சுருண்டிருக்கிறதா, உள்ளே துணி, போல்டு ஏதாவது கிடக்கிறதா என்று ஒருவன் குழாயின் மேலே இருக்கும் மேன்ஹோல் வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவன் சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவான். இருப்பது ஒரே சாவி. அது இல்லாமல் வெளியே எவனாலும் தட்டைத் திருப்ப முடியாது. சாவி வெளியே வந்தால் ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். வேறு எதையும் அவர்கள் பார்த்ததில்லை.

அப்புசாமி உள்ளே போனான். மற்ற இருவரும் புளியமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுப்பண்ணனின் தோளுக்குப் பின்னாலிருந்து சாவி நீண்டது. திரும்பாமலே வாங்கிக்கொண்டார். சில்லென்று இருந்தது... பாசி நாற்றம். குழாயோ மூன்று நாளாக வெயிலில் காய்ந்து கிடந்தது.

மேன்ஹோல் மூடியைப் போட்டு, பதினாறு போல்டையும் எதிரெதிராக முறுக்கினார்கள். மில் சூப்பர்வைசர் ராமுலு, ஒரு மணிக்கு மோட்டார் போடச் சொல்வதாகக் கூறிவிட்டு மொபெட்டில் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

கடைசியாக ஒருதரம் மூடிப் பார்க்கச் சுப்பண்ணன் சாவியைப் போட்டார். முப்பத்தைந்து... முப்பத்தாறு... நின்றது.

இரும்பில் இரும்பு இடித்தால் டக்கென்று நிற்கும், கைக்குத் தெரியும். இது அப்படி நிற்கவில்லை. மெத்தென்று... அமுங்கி நின்றது.

குழாய்க்குள்ளிருந்து அப்புசாமியின் குரல்.

"அண்ணா, சாவி எங்கிட்டத்தானுங்க இருக்குது. தட்டு ஏனுங்க திரும்புது?"

சுப்பண்ணன் திரும்பிப் பார்த்தார். அப்புசாமி புளியமரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

சாவியைத் திருப்பிச் சுற்றினார். அசையவில்லை. யூனுஸ் சைக்கிளை எடுத்தான், மோட்டாரை நிறுத்த. மூன்று மைல், பாதி மணல். மணி பன்னிரண்டு ஐம்பது.

சுப்பண்ணன் ஸ்பேனரோடு மேன்ஹோலில் ஏறினார். முறுக்கியது அவர்தான், அவராலேயே கழற்ற முடியவில்லை. கை கொடுக்கச் சொல்லி மரத்தடியைப் பார்த்துக் கத்தினார். அப்புசாமி நிமிரவில்லை.

"நாந்தான் வந்துட்டனுங்களேண்ணா. உள்ள ஆருங்க இருக்கறாங்க?"

உள்ளே இருந்தது அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்பாராம் மாமா. அது மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது... நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மகள் அம்மணியைக் கூப்பிடப் போக வேண்டுமாம், அவள் தனியாக ரோட்டைத் தாண்ட மாட்டாளாம்.

ஒன்பது போல்டு கழன்றது. பத்தாவதில் ஸ்பேனரைப் போடும்போது காலுக்குக் கீழே குழாய் அதிர்ந்தது. மூடி இடுக்கில் முதலில் காற்று சீறியது. அப்புறம் தண்ணீர். குரல், சொல்லிக்கொண்டிருந்த சொல்லின் பாதியில் நின்றது.

யூனுஸும் ராமுலுவும் வந்து சேர்ந்தபோது ஒன்றரை. லைனை நிறுத்தி வடியவிடச் சொல்லிச் சுப்பண்ணன் கெஞ்சினார். ராமுலு மூன்று பேரையும் விரல்விட்டு எண்ணினார்.

"மூணு பேர் வேலைக்கு வந்தீங்க, மூணு பேரும் இங்கதான் இருக்கறீங்க. நான் என்னன்னு சொல்லி மில்லை நிறுத்தட்டுமுங்க?"

கழற்றிய ஒன்பது போல்டையும் சுப்பண்ணனே திரும்ப முறுக்கினார். சரியாகத்தான் முறுக்கினார். நாலு மணி தாண்டி, ஐந்தும் ஆனது. அப்புசாமி மரத்தடியை விட்டு எழவே இல்லை.

அப்புறம் பத்து நாள் சுப்பண்ணன் வேலைக்குப் போகவில்லை. பதினோராம் நாள் அப்புசாமியின் வீட்டுக்குப் போனார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

அப்புசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கண்ணா. சோறு உண்டுபோட்டுப் போலாமுங்க."

அவன் மனைவி நாச்சியம்மாள் உள்ளேயிருந்து சோற்றுப் போசியோடு வந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நெற்றி வெறுமை. கழுத்தில் தாலி இல்லை. சுப்பண்ணனை ஒருதரம் பார்த்தாள். அப்புசாமி தட்டை நீட்டினான். குனிந்து, அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.